கண்ணாடிப் பெட்டியில் ஒரு நைலெக்ஸ் சீலை

மரக்கலத்துறைக்கு என்ன வயது என்று எங்களிடம் கேட்டுவிடாதீர்கள். ஆயிரம் என்பார் ஒருவர், இரண்டாயிரம் என்பார் இன்னொருவர், கேட்கிறவர் வெளிநாட்டிலிருந்து வந்தவரென்றால் அது இன்னும் கொஞ்சம் கூடும். மாரி மழைக்குப் பிறகு கடலை ஒட்டிய களப்புக் கரையில் உடைந்த ஓடுகளும் பச்சை பிடித்த காசுகளும் வெளியே வரும். உரோமாபுரிக் காசு என்று பாதிப் பேர் சொல்வோம், ஒல்லாந்தர் காசு என்று மீதிப் பேர் சாதிப்போம். ஒல்லாந்தரின் பண்டகசாலை என்று நாங்கள் காட்டுகிற கற்கள் பழைய கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் அத்திவாரம்தான் என்று நில அளவைக்கு வந்த ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டார். அவருக்கு நாங்கள் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

கோயில் அம்மாள் வந்த கதையில் மட்டும் எங்களுக்குள் சண்டை கிடையாது. முன்னொரு காலத்தில் புயலில் உடைந்த கப்பலொன்றிலிருந்து ஒரு மரப்பெட்டி மிதந்து வந்தது. கரைக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக அது ஆட்டம் காட்டியது. ஒருவன் கண்டான், ஒருவன் நீந்தினான், ஒருவன் கயிறு கொடுத்தான், இப்படி ஏழு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் பெட்டி மணலில் தட்டியது. திறந்து பார்த்தால் உள்ளே அம்மாள். அந்த ஏழு பேரின் வழிவந்தவர்கள் என்று ஏழு குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தீர்த்தத் திருவிழாவன்று அவர்களுடைய ஆண்கள்தான் கழுத்தளவு கடலில் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு வருவார்கள். ஒவ்வொருவரும் கரையேறும்போது அவருடைய முன்னோரின் பேரையும் அவர் செய்ததையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். பேர் சொல்லாத குடம் கோயில் வாசலைத் தாண்டாது. கோயில் தலைவர் நடராசா அந்த ஏழில் ஒருவர். அவருடைய அப்பாவின் அப்பா குளத்தோடு வயற்காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிறகு இந்தப் பக்கம் பெண்ணெடுத்தவர். அவர் எப்படி ஆதிகாலத்தில் கயிறு கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எங்கள் எல்லாருடைய மடியிலும் கனம் இருக்கிறது.

இந்தக் கதைகளை மைக்கில் சொல்லுகிறவர் வீரையா. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். பரந்தன் வரைக்கும் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று அவருடைய பெட்டிகள் போய்வரும். ஆனால் தீர்த்தத்தன்று அவர் பேசும்போது அது தொழில்போல இருக்காது. அந்த மரப்பெட்டி அலையில் ஏறி இறங்குவதை அவர் சொல்லக் கேட்டால், கடலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கே ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். "எங்கள் மூதாதையர்" என்று அவர் சொல்லும் இடத்தில் வெளியூர்க்காரர்கள் உருகிப்போவார்கள். உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் நிலத்தைப் பார்ப்போம்.

ஏனென்றால் வீரையா பிறந்தது மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தபோது கைக்குழந்தையாக அவரைத் தூக்கிக்கொண்டு தகப்பன் ராசுவும் தாய் மீனம்மாவும் வவுனியாவுக்கு ஓடிவந்தார்கள். நெளுக்குளத்தில் கொஞ்சக் காலம் கூலி வேலை செய்தார்கள். பிறகு கரைவலை இழுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். ராசு வலை இழுத்தார். மீனம்மா பெரிய வீடுகளில் மா இடித்தார், முற்றம் கூட்டினார். அதிகாலையில் இருவரும் சேர்ந்து கோயில் வெளிவீதியைக் கூட்டுவார்கள். அதற்கு மட்டும் யாரும் அவர்களை மறிக்கவில்லை.

வீரையாவைப் பள்ளிக்கூடத்தில் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டார்கள். அவர் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் 'ஓம்' என்றார், 'வாறன்' என்றார், எங்களைவிட எங்களைப்போலக் கதைத்தார். வீட்டிலும் அப்படியே. தாய் அந்தப் பேச்சில் கேட்பார், மகன் இந்தப் பேச்சில் பதில் சொல்வார். ஒருநாள் சந்திக் கடையில் மீனம்மா, "சீனி அரைக் கிலோ தாங்க அய்யா" என்று கேட்டுக்கொண்டு நின்றபோது, கூட வந்த பொடியன் மெல்ல நகர்ந்துபோய் சைக்கிள் கடை வாசலில் யாருக்கோ காத்திருப்பவனைப்போல நின்றான். மீனம்மா அதைக் கண்டார். அன்றிலிருந்து அவர் கடைக்குத் தனியாகவே போனார். அந்த நினைவு வந்தால் இன்றைக்கும் தனக்குக் காது சுடுவதாக வீரையா தன் மனைவி கஜனியிடம் சொல்லியிருக்கிறார்.

இனி அம்மாளின் இரண்டாவது கதைக்கு வருகிறேன். இது நடந்த கதை.

போரின் கடைசி இடப்பெயர்வில் எங்கள் ஊர் ஒரே மூச்சில் வெறுமையானது. பூசாரி போய்விட்டார், ஏழு குடும்பங்களும் போய்விட்டன, வீரையாவும் கஜனியோடு முன்னாலே போய்விட்டார். கோயிலைத் திறந்தபடி விட்டுப்போக மனம் வராமல் கடைசியாக நின்றவர்கள் ராசுவும் மீனம்மாவும். செல் குண்டுகள் கிட்டக் கிட்ட விழத் தொடங்கியதும் அவர்கள் உள்ளே போனார்கள். அதுவரை மூலஸ்தானத்தின் படியைக்கூட அவர்கள் மிதித்தது கிடையாது. பூசாரி குடும்பத்தைத் தவிர யாரும் தொடக் கூடாத அம்மாளை அவர்கள் தூக்கினார்கள். சுற்றுவதற்குத் துணி தேடியபோது, மீனம்மா தன் மூட்டையிலிருந்த ஒரே நல்ல சீலையை உருவிக் கொடுத்தார். மண்ணிறத்தில் பெரிய பெரிய பூப்போட்ட நைலெக்ஸ் சீலை. கோயிலுக்குப் பின்னால் தாழைப் புதருக்குள் குழி தோண்டி அம்மாளைப் புதைத்து, மேலே மணலைக் கூட்டி மூடினார்கள். கூட்டுவதில்தான் அவர்களுக்குப் பழக்கம் இருந்ததே. பிறகு சனத்தோடு சனமாக நடந்தார்கள். மாத்தளனில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து மீனம்மா செத்துப்போனார். ராசு அவரையும் மணலில்தான் புதைத்தார், ஆனால் அந்த இடத்தை அவரால் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய வருடத்தில் கோயில் கூரையில்லாமல் நின்றது, மூலஸ்தானம் வெறுமையாகக் கிடந்தது. அம்மாள் போய்விட்டா என்று பெண்கள் தலையிலடித்து அழுதார்கள். ராசு மகனிடம் வந்து இடத்தைச் சொன்னார். வீரையா நடராசாவிடம் ஓடினார். மூவருமாகப் போய்த் தோண்டினார்கள். அம்மாள் ஒரு கீறல் இல்லாமல் வந்தா. சீலையும் அப்படியே இருந்தது, பட்டாக இருந்திருந்தால் அந்த உப்பு மண்ணில் இற்றுப்போயிருக்கும்.

நடராசா கும்பிட்டு அழுதார். அழுது முடிந்த பிறகு யோசிக்கத் தொடங்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். யார் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்று ஊரில் பேச்சு வந்தால், தீட்டு என்பார்கள், கழுவாய் என்பார்கள், அம்மாளைத் திரும்ப வைப்பதற்கே இரண்டு கட்சி வரும் என்று எடுத்துச் சொன்னார். அம்மாள் தானே மணலுக்குள் ஒளித்திருந்தா என்று இருக்கட்டும், அது உங்களுக்கும் நல்லம் எங்களுக்கும் நல்லம் என்றார். பிறகு, இந்த முறை திருவிழாவுக்கு மைக்கில் கதைக்கவும் ஆள் இல்லை, நீ கதைக்கிறியா என்று வீரையாவைக் கேட்டார். அதுவரை வீரையா பெட்டி கட்டுகிறவர், பாட்டுப் போடுகிறவர். மைக்கைப் பிடிப்பது ஏழு குடும்பங்களில் யாராவதாகத்தான் இருக்கும். ராசு மகனைப் பார்த்தார். மகன் ஓம் என்றார்.

அந்த முதல் வருடத்தில் வீரையா சொன்னது இரண்டு வரிதான். அம்மாள் மணலுக்குள் மறைந்திருந்து தன் பிள்ளைகள் திரும்பியதும் வெளிப்பட்டா என்றார். சனம் விம்மியது. அடுத்த வருடம் அந்த இரண்டு வரி வளர்ந்தது. கதை சொல்லத் தெரிந்தவனின் சாபம் அதுதான், சனம் விம்மினால் அவனால் நிறுத்த முடியாது. சீலை 'யார் நெய்தது என்று தெரியாத தெய்வப்பட்டு' ஆனது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வருகிற வான்கள் எங்கள் ஊருக்கும் திரும்பத் தொடங்கின. எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பட்டுக்கும் நைலெக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அந்தச் சீலை யாருடைய இடுப்பில் இருந்தது என்பதுகூடச் சிலருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அம்மாளை யார் தூக்கினார்கள் என்ற கேள்வி வரும், ஆகவே நாங்கள் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனோம். வெட்கம் வீரையாவுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ராசு வருவார். கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்று மகன் கதைப்பதைக் கேட்பார். முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் வீரையாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். தகப்பனுக்கு முன்னால் சாப்பிட உட்காரவே அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தீர்த்தம் முடிந்த கிழமைகளில் ஏதாவது வேலையைச் சாட்டி வீட்டுக்குப் பிந்தி வருவார்.

இந்த வருடம் ராசுவுக்கு நெஞ்சில் சளி கட்டி, எழும்பி நடமாடவே மாதக்கணக்கானது. தீர்த்தத்துக்குக் கொஞ்ச நாளிருக்க, ஒரு பின்னேரம் வயர் ஒட்டிக்கொண்டிருந்த மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம் பேரு வேணாம்ப்பா. எனக்கு என்னாத்துக்கு? ஒங்கம்மா பேர மட்டும் ஒரு தடவ சொல்லிரு. சீலை குடுத்தது மீனம்மான்னு. அவளுக்கு ஒரு கல்லுகூட நான் நட்டு வைக்கல."

"சொல்லுறன் அப்பா," என்றார் வீரையா. தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னார், ஆனால் உண்மையாகவே சொன்னார்.

அன்றிலிருந்து அவர் தனக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். கிணற்றடியில் குளிக்கும்போது அவர் முணுமுணுப்பதைக் கஜனி கேட்டார். 'இந்தச் சீலையைத் தந்தவர் மீனம்மா, என்னுடைய தாயார்.' அவ்வளவுதான். மரப்பெட்டிக் கதையை மூச்சுவிடாமல் சொல்லுகிற மனிதருக்கு இந்த ஒரு வரி கரைக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது. நடராசாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் மறிப்பார் என்ற பயம். சொல்லிவிட்டால் பிறகு என்ன ஆகும் என்றும் யோசித்தார். மைக் போகும், கோயில் ஒப்பந்தம் போகும். அது போனால் போகட்டும் என்று கஜனியிடம் சொன்னார். எங்கள் மூதாதையர் என்று இவ்வளவு காலம் சொன்ன வாயை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

தீர்த்தத்தன்று காலையில் ராசு புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை அவர் வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. கஜனி ஒரு கதிரையைக் கொண்டுவந்து மைக் மேசைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டி வைத்திருந்த பந்தலின் ஓரத்தில் போட்டார். கிழவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல உட்கார்ந்திருந்தார். எதற்காக அப்படி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

குடங்கள் கரையேறின. வீரையா ஒவ்வொரு பேராகச் சொன்னார். கண்டவனின் குடம் போனது, நீந்தியவனின் குடம் போனது, கயிறு கொடுத்த நடராசா வீட்டுக் குடமும் போனது. ஏழாவது குடம் வாசலைத் தாண்டிய பிறகு மணல் கதை வரும். அதன் முடிவில் அந்த வரியைச் சொல்வது என்று தீர்மானித்திருந்தார். ஏழாவது குடம் தாண்டியது. வீரையா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் கண்ணாடிப் பெட்டியடியில் ஒரு பெண் வாய்விட்டு அழத் தொடங்கினார். கனடாவிலிருந்து வந்திருந்த விமலேஸ்வரி. கோயிலடிப் பெரிய வீட்டுச் சிவலட்சுமியின் மகள். குமர்ப்பிள்ளையாக ஊரைவிட்டுப் போனவர், நரைத்த தலையோடு இப்போதுதான் முதல்முறையாகத் திரும்பியிருந்தார். அந்தப் பெரிய வீட்டில்தான் மீனம்மா அதிக காலம் மா இடித்தது.

"இது எங்கட அம்மான்ர சீலை," என்றார் விமலேஸ்வரி. "இந்தா, இந்தக் கரையிலை பச்சை நூல். நான்தான் ஸ்திரிக்கைப்பெட்டியாலை சுட்டனான், அம்மா தைச்சவா. பிறகு அவா இதை ஆருக்கோ குடுத்திட்டா. ஆருக்கெண்டுதான் எனக்கு ஞாபகம் வரேல்லை."

நடராசா உடனே பக்கத்தில் போய்விட்டார். அம்மாளுக்குத்தான் கொடுத்திருப்பா, வேறு யாருக்குக் கொடுத்திருப்பா என்று ஆறுதல் சொன்னார். சுற்றி நின்ற கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஓமோம் என்றார்கள். விமலேஸ்வரி அதோடு விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். மைக் மேசையடியில் கதிரையில் இருந்த கிழவரை அடையாளம் கண்டார். அந்த வீட்டுக் குழந்தைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

"ராசு, நீ எங்கட வீட்டை வந்து போனனிதானே. அம்மா இதை ஆருக்குக் குடுத்தவா?"

இதைவிட நல்ல இடம் இனி வாய்க்காது. வீரையாவின் கையில் மைக் இருந்தது, அது வேலை செய்துகொண்டும் இருந்தது. பெரிய வீட்டுப் பெண்ணே கேட்கிறார், ஊரே திரும்பிப் பார்க்கிறது. மீனம்மாவுக்கு என்று தகப்பன் சொல்லத் தேவையில்லை, மகனே சொல்லலாம். ராசு மகனுடைய முகத்தைப் பார்த்தார். அவசரமில்லாமல், சொல்லப்பா என்பதுபோலப் பார்த்தார். வீரையா வாயைத் திறந்தார். முன்வரிசையில் ஏழு குடும்பத்து ஆண்கள் ஈர வேட்டியோடு நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். வீரையா பார்வையைத் திருப்பி, ஒன்றுமில்லாத இடத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியின் வயர் சரியாகக் கொழுவியிருக்கிறதா என்று பார்க்கிறவரைப்போலக் குனிந்துகொண்டார். அந்தக் கணத்தில் அவருடைய காதுகள் சிவந்துபோனதைக் கஜனி கண்டார்.

ராசு அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பி நின்றார். பெரிய வீட்டுக்காரர் கேட்டால் உட்கார்ந்தபடி பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பெரியம்மா கோயிலுக்குன்னுதாங்க குடுத்தாங்க," என்றார். "நான் கண்ணால பாத்தேன்."

விமலேஸ்வரி கிழவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அந்தப் பெண்ணில் ஒரு குற்றமும் இல்லை. நடராசா ராசுவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நேரே மேசையடிக்கு வந்து வீரையாவிடம் குனிந்து, சிவலட்சுமியக்காவின் பேரை இப்பவே சொல்லிவிடு என்றார். சனம் காத்துக்கொண்டிருந்தது.

வீரையா சொன்னார். நன்றாகவும் சொன்னார், அதுதான் கொடுமை. யார் நெய்தது என்று தெரியாதிருந்த பட்டு இன்று தன் பேரைச் சொல்லிவிட்டது என்று தொடங்கினார். ஊர் அழியப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, தன் சீலையை அம்மாளுக்குக் கவசமாகக் கொடுத்த ஒரு தாயின் கதையை அந்த இடத்திலேயே உண்டாக்கினார். அமரர் சிவலட்சுமி அம்மையார் என்று அவர் இழுத்துச் சொன்னபோது பேர் களப்பு வரைக்கும் போய்த் திரும்பியது. பெண்கள் குரவையிட்டார்கள். விமலேஸ்வரி கண்ணாடிப் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும்கூடக் கும்பிட்டேன்.

சனம் அன்னதானத்துக்குக் கலைந்த பிறகும் வீரையா மேசையடியிலேயே நின்றார். வயர்களைக் கழற்றினார், திரும்பக் கொழுவினார், திரும்பக் கழற்றினார். தகப்பன் வேப்பமரத்தடியைத் தாண்டி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துத்தான் அவ்வளவு நேரமும் மினக்கெட்டார். நிமிர்ந்தபோது ராசு அதே கதிரையில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியில் யாரோ சந்தனம் கொட்டியிருந்தார்கள். வீரையா அவருக்கு முன்னால் போய் நின்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்தவர் வேட்டியிலிருந்த சந்தனத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

ராசு மகனுடைய கையைப் பிடித்து எழும்பினார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, நடித்த சிரிப்பும் இல்லை.

"பேர ரொம்ப அழகா சொன்னப்பா," என்றார். "ஒங்கம்மா பேர சொன்னாலும் இப்புடித்தான் இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டே கேட்டேன்."